கடைமடைக்கு வராத நீர்

வில்லியனூர்க் கொம்யூனில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் காரில் உள்ள ஹீட்டர் ஒரு வீண் பொருள். ஆண்டின் பெரும்பகுதி வெயில். எஞ்சிய நாள்களில் மழை. உடலைச் சூடேற்றிக் கொள்ள வேண்டிய குளிர் இந்தக் கடலோர மண்ணில் என்று வந்திருக்கிறது? எங்கள் பழைய சிறு காரின் டேஷ்போர்டில் நீலமும் சிவப்புமாகக் கோடு தீட்டிய ஒரு நெம்புகோல் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அது நீலத்தின் கோடியிலேயே உறைந்து கிடந்தது. அதைச் சிவப்பின் பக்கம் தள்ள வேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டதில்லை. அந்தச் சின்னஞ்சிறு நெம்புகோல் ஒருநாள் எனக்குப் பாடம் நடத்தப் போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உண்மையில், ஒருவர் சொன்னார், நானும் சிரித்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதம். பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் மூத்த மகள் சில நாள்கள் தங்கிச் செல்ல வந்திருந்தாள். அவளைத் திரும்பக் கொண்டுபோய்விடும் நாளில் விடாத மழை. கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டதால் எங்கள் மூச்சுக்காற்றே முன்கண்ணாடியில் ஆவியாகப் படிந்து பாதையை மறைத்தது. நான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துண்டினால் துடைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த மகள், கண்ணாடியில் சூடான காற்றைச் செலுத்தினால் ஆவி மறையும் என்று எங்கோ படித்தவள், அந்த நெம்புகோலை முயன்று சிவப்புக்குத் தள்ளினாள். காற்று வந்தது. ஆனால் சில்லென்று வந்தது.

“அத்தா, அரை மணி நேரமாக இன்ஜின் ஓடுகிறது. சூடே வரவில்லையே! ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை காட்டுங்களேன்” என்றாள்.

“நம் ஊருக்கு எதற்கம்மா ஹீட்டர்? இறைவன் மேலே ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறானே, அது போதாதா?” என்றேன்.

பின் இருக்கையில் இருந்த என் துணைவியாரும் சிரித்தார். மகளும் சிரித்துவிட்டு நெம்புகோலைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

உவர்நீர்ச் சிக்கனம்

இந்த இடத்தில் என் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரேடியேட்டருக்குக் கூலன்ட் என்னும் பச்சை நிறத் திரவத்தை ஊற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால், “பனி உறையும் நாட்டுக்காரர்களுக்கு அது தேவை, நமக்குத் தண்ணீர் போதும்” என்பது என் சித்தாந்தம். வீட்டுக் குழாயில் வரும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிளாஸ்டிக் குடுவையில் பிடித்து டிக்கியில் வைத்திருப்பேன். அந்த நீரில் பருப்பு எளிதில் வேகாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படியும். வீட்டில் குடிப்பதற்கு அதை விலக்கிவைத்த நான், காருக்கு மட்டும் மனமுவந்து புகட்டினேன். முள் சற்று மேலேறினால் நிறுத்தி, ஆறவைத்து, ஒரு குடுவை ஊற்றுவேன். முள் இறங்கும். பயணம் தொடரும். இரண்டு கோடைகளை இப்படியே கடத்தினேன். நீர் குறைகிறதென்றால் எங்கே குறைகிறது, சூடு ஏறுகிறதென்றால் ஏன் ஏறுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஊற்றினால் சரியாகிவிடுகிறதே, பிறகு கேள்வி எதற்கு?

கூலன்ட் என்பது உறைவதைத் தடுப்பதற்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டேன். அது நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. அதைவிட முக்கியமாக, இன்ஜினுக்குள் இருக்கும் இரும்பும் அலுமினியமும் துருவும் அரிப்பும் கொள்ளாமல் காக்கிறது. கடலோரத்து உவர்நீரோ அந்த அரிப்பை அழைத்து வந்து விருந்து வைக்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் ஹீட்டர்

மே மாதம் வந்தது. மகளுக்குத் தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு அழைத்துவர நானும் துணைவியாரும் சென்றோம். காலையிலேயே புறப்பட்டிருக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் விருந்துண்ணாமல் விடவில்லை. லுஹர் தொழுதுவிட்டுக் கிளம்பும்போது, அக்னி நட்சத்திரத்து வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. கடலூர்ச் சாலையின் நெரிசலுக்கு அஞ்சி, கரிக்கலாம்பாக்கம் வழியாக உட்சாலையில் காரைத் திருப்பினேன்.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பகுதி. இருபுறமும் வயல். ஆங்காங்கே பம்புசெட். ஊரை விட்டுச் சிறிது தூரம் வந்ததும் முள் ஏறத் தொடங்கியது. ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்று ஓட்டினேன். முள் சிவப்பைத் தொட்டது. அடுத்து ஒரு விந்தை நடந்தது: அந்த முள் சட்டென்று கீழே இறங்கிவிட்டது! “பார்த்தீர்களா, தானே சரியாகிவிட்டது” என்று நான் மகிழ்ந்த அதே நொடியில் பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெண்புகையாக நீராவி எழுந்தது.

முள் ஏன் இறங்கியது? வெப்பத்தை அளக்கும் சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். அதைச் சூழ்ந்த நீர் வற்றி, வெறும் ஆவியும் காற்றும் நின்றுவிட்டால் அது ஏமாந்துபோகும், நம்மையும் ஏமாற்றும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் நலம் என்று சொல்லும்.

காரை ஓரங்கட்டினேன். நிறைமாதக் கர்ப்பிணியான மகள் அந்த வெயிலில் வியர்த்து வழிந்து அமர்ந்திருக்கிறாள். பதற்றத்தில் நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். “ஆறட்டும் அத்தா!” என்று மகள் கூவியது காதில் விழுந்தும், துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

அந்த மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் ஒரு வால்வு. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் நீர், அந்த அழுத்தத்தின் கீழ் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுவித்த கணமே அந்த நீர் முழுவதும் கொதித்துச் சீறும். அப்படித்தான் சீறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று.

அருகில் ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. மகள் தன் நிலையையும் மறந்து என்னை இழுத்துச் சென்று, கொட்டும் நீரில் கையைப் பிடிக்கச் செய்தாள். “இருபது நிமிடம் எடுக்கக்கூடாது. பேனா மையோ பற்பசையோ தடவக்கூடாது” என்றாள். அதுதான் சரியான முதலுதவி. அந்த வயலுக்குரிய அம்மையார் ஓடிவந்து மகளையும் துணைவியாரையும் வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலில் அமர்த்தி, மோர் கரைத்துக் கொடுத்தார். “புள்ளத்தாச்சிப் பொண்ணை இந்த வெயிலில் கூட்டிக்கிட்டு வரலாமா பாய்?” என்று என்னைக் கடிந்தும் கொண்டார். கடிந்ததில் தவறேதும் இல்லை.

அவருடைய மகன் தொலைபேசியில் அழைக்க, கரிக்கலாம்பாக்கத்திலிருந்து ஓர் இளம் மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். முதலில் அவர் எதையும் தொடவில்லை. “எத்தனை நாளாக இப்படி? தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்? நிற்கும்போது சூடேறுகிறதா, ஓடும்போதா?” என்று ஒரு மருத்துவரைப் போல விசாரித்தார். இன்ஜின் நன்கு ஆறிய பிறகு நீரை நிரப்பி, கீழே எங்கும் ஒழுகவில்லை, பெல்ட் தளரவில்லை என்று பார்த்துக்கொண்டு, காரை ஸ்டார்ட் செய்தார். செய்துவிட்டு,

“பாய், ஹீட்டரைச் சிவப்பு வரைக்கும் தள்ளி, காற்றாடியை முழுசாக வையுங்க” என்றார்.

“தம்பி, இந்த வெயிலில் ஹீட்டரா?”

“வையுங்க பாய். என்ன காற்று வருதுன்னு சொல்லுங்க.”

முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஹீட்டரிலிருந்து வந்த காற்றில் வெளியிலிருந்த வெக்கை இருந்ததே தவிர, இன்ஜினின் சூடு துளியும் இல்லை. சொன்னேன். மரத்தடியிலிருந்து மகள் என்னைப் பார்த்தாள். ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நெற்றியும் பாதமும்

மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்து, இன்ஜினுக்கும் கார் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டில் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்ஜினுக்கு மேல் உள்ளங்கையை நீட்டி அதன் வெக்கையை அறிந்தார். அதைக் கண்டதும் மறைந்த என் தாயாரின் நினைவு வந்தது. வீட்டில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் ஒரு கையை நெற்றியில் வைப்பார். மறுகையால் பாதத்தைத் தொடுவார். நெற்றி கொதித்துப் பாதம் சில்லிட்டிருந்தால், கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு, “வண்டி கட்டுங்கள், டாக்டரிடம் போகவேண்டும்” என்பார். அவர் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். ஆனால் காய்ச்சலோடு கைகால் சில்லிடுவது, இரத்த ஓட்டம் கடைசி வரை எட்டவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம் என்று இன்று மருத்துவர்களும் எச்சரிக்கிறார்கள். டெங்குக் காய்ச்சலில் சூடு தணியும் வேளையில் கைகால்கள் சில்லிட்டுப் பிசுபிசுத்தால், ‘காய்ச்சல் விட்டது’ என்று மகிழாமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதைத் தாய்மார்கள் மறக்கவே கூடாது.

“ரெண்டு ஹோஸும் ஆறிக் கிடக்கு” என்றார் மெக்கானிக். எனக்கு விளங்கவில்லை என்பதைக் கண்டுகொண்டு, வயலைக் காட்டி விளக்கினார். அவருடைய குடும்பமும் பயிர்த்தொழில் செய்யும் குடும்பமாம்.

“பாகூர் ஏரி நிரம்பியிருக்குன்னு வச்சுக்குங்க. மதகும் திறந்திருக்கு. ஆனா கடைமடைக்காரன் வந்து ‘என் வயலுக்குத் தண்ணி வரலை’ங்கறான். ஏரியிலே இன்னும் தண்ணி விட்டா அவன் வயல் நனையுமா? நடுவிலே என்ன ஆச்சுன்னுதானே பார்க்கணும்? ஹீட்டர்தான் பாய் இந்த வண்டிக்குக் கடைமடை.”

பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர்பெறும் பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியில் பெரியது. அந்த ஏரியை நம்பி வாழும் ஊர்களில் இந்த உவமையைச் சிறு குழந்தையும் புரிந்துகொள்ளும். தலைமடைக்காரனுக்கு வாய்க்காலின் குறை தெரியாது. அவன் வயலில் நீர் நிற்கும். வாய்க்கால் தூர்ந்தால் முதலில் அறிபவன் கடைமடைக்காரன்தான். ஆனால் அவன் குரல்தான் கடைசியில் கேட்கப்படுகிறது.

வெந்நீர் செல்லும் வழி

ஹீட்டர் என்றால் மின்சார அடுப்புப் போன்ற ஒன்று என நான் எண்ணியிருந்தேன். பெட்ரோலில் ஓடும் எங்களுடையது போன்ற கார்களில் அப்படி இல்லை. பெட்ரோல் எரிந்து வெளியாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இன்ஜினைச் சுற்றி ஓடும் நீர் சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. அந்த நீரை ஓயாமல் சுழற்றுவது வாட்டர் பம்ப். இன்ஜினைச் சுற்றிச் சூடேறிய நீர் முன்னாலுள்ள ரேடியேட்டருக்குச் சென்று, காற்றில் ஆறித் திரும்புகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்னும் கதவு. பொதுவாக 80 முதல் 90 டிகிரிக்குள் அது திறக்கும். அந்தக் கதவுக்கு முன்பிருந்தே ஒரு சிறு கிளை பிரிந்து, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் கையடக்கமான இன்னொரு ரேடியேட்டருக்குச் செல்கிறது. காற்றாடி அதன்மேல் காற்றை ஊதுகிறது. அதுவே ஹீட்டர்.

ஆகவே இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரின் நிலை நமக்குப் பலவற்றைச் சொல்லிவிடும். ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ, முன்னாலுள்ள மின்விசிறி நின்றுபோனாலோ, தெர்மோஸ்டாட் திறக்க மறுத்தாலோ இன்ஜின் சூடேறும். ஆனால் ஹீட்டர் பெரும்பாலும் நெருப்பாக ஊதும். ஏனெனில் வெந்நீர் அங்கே சென்றுகொண்டுதான் இருக்கிறது. மாறாக, இன்ஜின் கொதித்தும் ஹீட்டர் சில்லென்றிருந்தால், வெந்நீர் அங்கே சென்று சேரவில்லை. அதற்குக் காரணங்கள் சிலவே. நீர் குறைந்து, மேட்டில் இருக்கும் ஹீட்டருக்கு எட்டாமல் போயிருக்கலாம். குழாயில் காற்று அடைத்து ‘ஏர் லாக்’ ஆகியிருக்கலாம். பம்ப் சுழன்றும் நீரைத் தள்ளாமல் இருக்கலாம். ஹெட் கேஸ்கட் பழுதாகி, எரிந்த வாயு நீருக்குள் புகுந்து மீண்டும் மீண்டும் காற்றை அடைக்கலாம். அல்லது ஹீட்டரின் வால்வு மூடியோ, அதன் சிறு குழாய்கள் அடைத்தோ இருக்கலாம். அப்படியானால் அது இன்ஜின் சூட்டுக்குத் தொடர்பில்லாத வேறு குறை.

அந்த இளைஞர் இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். நெம்புகோலின் கம்பி வால்வைத் திறக்கிறதா என்று பார்த்தார், திறந்தது. இன்ஜினை நிறுத்தி மீண்டும் நன்றாக ஆறவிட்டு, சாலைச் சரிவில் காரின் முகம் மேல்நோக்கி இருக்குமாறு தள்ளி நிறுத்தி, மூடியைக் கழற்றி நீரை விளிம்புவரை நிரப்பினார். ஹீட்டர் சிவப்பில் இருக்க, இன்ஜினை ஓடவிட்டார். காற்று அடைத்திருந்தால் குமிழிகளாக வெளியேறி நீர்மட்டம் இறங்கும். கேஸ்கட் பழுதென்றால் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்; இன்ஜின் ஆயிலும் பாலேடு போல் மாறியிருக்கும். ஆயில் நன்றாக இருந்தது. குமிழியும் இல்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொல்லி ரேடியேட்டரின் வாயை உற்றுப் பார்த்தார். நீர் குளம்போல் நின்றது. அதில் ஓட்டமே இல்லை.

“பம்ப் சுத்துது பாய். தண்ணியைத் தள்ளலை” என்று கூறி இன்ஜினை நிறுத்திவிட்டார். “இனி ஓட்டாதீங்க. ஓட்டினா ஹெட் வளைஞ்சிடும்.”

துணைவியாரையும் மகளையும் ஓர் ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். காரைக் கயிறு கட்டி அவருடைய ஷெட்டுக்கு இழுத்துச் சென்றோம். கழற்றிய பம்பை அவர் என் இடது கையில் வைத்தார். வலது கையில்தான் கட்டுப் போட்டிருந்ததே! வெளியே பார்க்க நலமாக இருந்தது, தண்டு சுழன்றது. உள்ளே நீரைத் தள்ள வேண்டிய சக்கரத்தின் தகட்டு இறக்கைகள், தேய்ந்த செல்லாக்காசைப் போல் துருப்பிடித்து, அடிக்கட்டைகளாக நின்றன. அவற்றைச் சுற்றிச் செந்நிறச் சேறு. இரண்டு கோடைகளாக நான் குடுவை குடுவையாக ஊற்றிய உவர்நீர்தான் அந்த இறக்கைகளைத் தின்றிருக்கிறது. தாகம் தீர்ப்பதாக எண்ணி நஞ்சைப் புகட்டியிருக்கிறேன்.

“இது ஒருநாளிலே தேயலை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ஞ்சிருக்கு. ஓட்டம் குறையும்போது முதல்லே ஹீட்டர்தான் ஆறிப்போகும். ஆறேழு மாசம் முன்னாலேயே ஹீட்டர் போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நம்ம ஊர்லே யார் பாய் ஹீட்டர் போடறாங்க?” என்றார் அவர்.

போட்டார்கள். என் மகள் போட்டாள். சொன்னாள். நான்தான் நகைச்சுவை பேசி அவள் வாயை அடைத்தேன்.

ஒரு தாயின் பயணம்

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு கார்களின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினேன். உலகில் முதன்முதலாகக் காரில் நெடும்பயணம் சென்றவர் ஒரு பெண். இரண்டு மகன்களை உடனழைத்துச் சென்ற ஒரு தாய். ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற வண்டியை, அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் 1888 ஆகஸ்டில் மன்ஹைம் நகரிலிருந்து தம் பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்றார். அந்த வண்டியில் இன்றுள்ளதைப் போன்ற ரேடியேட்டர் இல்லை. நீர் கொதித்து ஆவியாகியே இன்ஜினை ஆற்றியது. வழியெங்கும் நீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் குழாய் அடைத்தபோது தம் தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார் அந்த அம்மையார். பிறகு 1901-இன் மெர்சிடிஸ் காரில் வில்ஹெல்ம் மேபாக், 8,070 நுண்குழாய்கள் கொண்ட தேன்கூட்டு ரேடியேட்டரைப் பொருத்தி, குறைந்த நீரைக் கொண்டே பெரிய இன்ஜினை ஆற்றிக் காட்டினார்.

இதை ஏன் எழுதுகிறேன்? ‘வண்டியைப் பற்றிப் பெண்களுக்கு என்ன தெரியும்’ என்ற எண்ணம் என்னைப் போன்ற பல குடும்பத் தலைவர்களின் உள்ளத்தில், வெளியே சொல்லாவிட்டாலும், குடியிருக்கிறது. வண்டியின் முதல் நெடும்பயணத்திலேயே அதன் நோயறிந்து மருந்திட்டவர் ஒரு பெண் என்பதை அறியாத எண்ணம் அது. ஓட்டுபவன் பாதையைப் பார்க்கிறான். பக்கத்தில் இருப்பவர்தான் புதிய ஓசையைக் கேட்கிறார், இனிப்பான ஒரு வாடையை நுகர்கிறார், காலடிப் பாயில் ஈரம் இருப்பதைக் காண்கிறார். கூலன்ட் கசிந்தால் அந்த இனிப்பு வாடைதான் வரும். ஹீட்டரில் கசிவென்றால் அந்தப் பாய்தான் நனையும். அவர் சொல்வதைக் கேட்டால் பாதிக் குறை கண்டறியப்பட்டதாகும்.

மெக்கானிக் எனக்குச் சொல்லி அனுப்பியவற்றை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரைச் சிவப்பில் வைத்துக் காற்றாடியை முழுவதும் திறக்க வேண்டும். சூடான காற்று வந்தால் அது இன்ஜினின் சூட்டைச் சிறிது வாங்கிக்கொள்ளும். பாதுகாப்பான இடம் தேடி நிறுத்த அவகாசம் தரும். குளிர்ந்த காற்று வந்தால் ஓரடியும் ஓட்டக்கூடாது. அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். நீராவி எழுந்தாலும் அவ்வாறே. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, அது நன்கு ஆறியிருந்தால் மட்டுமே மூடியைத் தொட வேண்டும். உவர்நீரை ஊற்றக்கூடாது. ஆபத்துக்கு ஊற்ற நேர்ந்தால், ஊர் சேர்ந்ததும் அதை வடித்துவிட்டு முறையான கூலன்ட் நிரப்ப வேண்டும். மாதம் ஒருமுறையாவது, இன்ஜின் சூடேறிய பின், ஹீட்டரை ஒரு நிமிடம் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் காசில்லாத மருத்துவப் பரிசோதனை.

வைகறையில்

ஷெட்டில் ஹெட்டின் மேல் நேர்விளிம்புத் தகட்டை வைத்து அளந்து பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்! வளையவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டுச் சோதித்தார்கள், திறந்தது. புதிய பம்ப் பொருத்தி, பழைய சேற்றைக் கழுவி வெளியேற்றி, கூலன்ட் நிரப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சென்றேன். அரைக் கை முழுதும் கட்டு. “நீ மார்கழியிலேயே சொன்னாய் அம்மா. நான் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு” என்றேன். தகப்பன் மகளிடம் அப்படிக் கேட்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அவள் திகைத்துப்போனாள். பிறகு, “கை எரிகிறதா அத்தா?” என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வாரங்கள் சென்றபின், ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அவளுக்கு வலி கண்டது. எந்த வண்டிக்கும் காத்திருக்க நேரமில்லை. அதே காரில் புறப்பட்டோம். அரும்பார்த்தபுரம், மூலகுளம், ரெட்டியார்பாளையம் என்று ஊர்கள் இருளில் கடந்தன. என் கண் ஒன்று சாலையிலும் மற்றொன்று அந்த முள்ளிலும் இருந்தது. அது நடுவிலேயே அசையாமல் நின்றது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள அரசு மகளிர் மருத்துவமனையின் வாசலில் அவளை இறக்கி, துணைவியாரோடு உள்ளே அனுப்பிவிட்டு, காரை வெளியே கொண்டுவந்து நிறுத்தினேன்.

ஆண்கள் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாத வேளை அது. இன்ஜினை உடனே அணைக்கவில்லை. இதழ்கள் துஆ ஓதிக்கொண்டிருக்க, கை தானாக அந்த நெம்புகோலைச் சிவப்புக்குத் தள்ளியது. சில நொடிகளில் சூடான காற்று, இன்னும் தழும்பு ஆறாத என் கையின் மேல் வீசியது. மே மாதத்துப் புழுக்கத்தில் அந்தச் சூட்டை ஒரு நிமிடம் முழுவதும் அனுபவித்தேன். கடைமடைக்கு நீர் வந்துவிட்டது.

சுபுஹுக்குச் சற்றுப் பின்னர்த் துணைவியார் வெளியே வந்து கையசைத்தார். பேத்தி பிறந்திருந்தாள். தாயும் சேயும் நலம்.

இப்போது அந்தப் பேத்தி பள்ளிக்குச் செல்கிறாள். காரில் என் பக்கத்து இருக்கை அவளுக்கே உரியது. “நன்னா, ஏதோ டிக் டிக் என்று சத்தம் வருகிறது” என்பாள். பெரும்பாலும் அது அவளுடைய தண்ணீர் பாட்டில் கதவில் இடிக்கும் ஓசையாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் காரை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் ஓட்டுகிறேன்.